ஒன்பதின் வால்

காசிமேட்டில் என் கடைக்குப் பெயர் கிடையாது.
'ஜெராக்ஸ்' என்று ஓர் அட்டை தொங்கும், அவ்வளவுதான்.
மீன் ஈரம் காயாத விரல்கள்
ரேஷன் கார்டை ஓரத்தில் பிடித்து நீட்டும்.
செதில் ஒட்டிய கண்ணாடியை
நாளைக்கு நாலு தடவை துடைக்கிறேன்.

எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் மிதந்தது ஒரு டிசம்பர்.
வலை கழுவ மண்ணெண்ணெய் வாங்கினார்கள்,
மண்ணெண்ணெய்க்குத் தண்டல் வாங்கினார்கள்.
தண்டல்காரனுக்குத் தடைக்காலம் கிடையாது.
படகு கரையில் கிடந்த அறுபத்தொரு நாளும்
சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருமுனையில் ஹாரன் அடித்தான்.
அந்த ஹாரன் அடங்கிய ஒரு நேரம்
பிரமிளா வந்தாள். கூடவே ஸ்டெல்லாக்கா.

வெளியாள் யாரும் வந்து பிடித்துப் போகவில்லை,
இதை எழுதி வைக்க வேண்டும்.
பிரமிளாவுக்கு வலி கண்ட ராத்திரி ஆட்டோ பிடித்தவள்,
குழாயடிச் சண்டையில் அவள் பக்கம் நின்றவள்
ஸ்டெல்லாக்கா.
மஸ்கட்டில் ஒரு வீடு, ரெண்டே பிள்ளைங்க, ஏசி ரூம் என்றாள்.
"முப்பது தாண்டியிருக்கணுமாம்ணே.
பாத்துப் போடேன்."

1999.
மூன்றாவதாக நின்ற ஒன்பதின் வாலை
கறுப்புப் பேனாவால் மெல்ல இழுத்து
வயிற்றோடு சேர்த்துத் தைத்தேன்.
எட்டு.
கவிழ்த்து, மூடி, பட்டனை அழுத்தினேன்.
பச்சை வெளிச்சம் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது.
அதற்குள் அவளுக்குப் பத்து வயது ஏறிவிட்டது.
ஆறு காப்பி. பன்னிரண்டு ரூபாய்.
சில்லறை இல்லை.
"அப்புறம் குடும்மா."

மூன்று மாதம் பணம் வந்தது.
பிறகு அழுகை மட்டும், வாட்ஸப்பில்.
பிறகு ஒற்றை டிக்.
அவள் அம்மா தேசராணி வாரம் ஒரு மனுவோடு வந்தாள்:
கலெக்டருக்கு, கமிஷனருக்கு, தூதரகத்துக்கு.
எல்லா மனுவிலும் இணைப்பு நான்கு,
பள்ளிக்கூட டி.சி.
என் எட்டை நானே எத்தனை தடவை எடுத்தேன்!
காசு வாங்கவில்லை.
வாங்காததைப் பெருமையாய்ச் சொல்லவும் வாய் வரவில்லை.

நடுவில் ஒரு டிரஸ்ட்காரர்
'ஏமாறாதீர்' நோட்டீஸ் ஐந்நூறு எடுத்துப் போனார்.
காரணம், விளைவு, தீர்வு என்று மூன்று கட்டம்.
முதல் கட்டத்தில் வறுமை இருந்தது, அறியாமை இருந்தது.
ஆறு மணி ஹாரன் இல்லை.
ஒன்பதின் வால் இல்லை.

இருபதாவது மாதம், மாசி வெயிலில்
கடை வாசலில் நிழல் விழுந்தது.
"அண்ணே, பன்னெண்டு ரூபா பாக்கி."
நீட்டிய மணிக்கட்டில்
இஸ்திரிப் பெட்டியின் முனை முக்கோணமாய்க் கன்றியிருந்தது.
காதோரம் நரை.
நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தேன்.
நான் போட்ட எட்டு
அவள் முகத்தில் அச்சாகப் பொருந்தியிருந்தது.

ஸ்டெல்லாக்கா வீடு பூட்டிக் கிடக்கிறது.
அவளும் ஒரு காலத்தில் இப்படிப் போய் வந்தவள்தானாம்.
அவள் காகிதத்தை எவன் திருத்தினானோ.
கருவாடு விற்கிற பதினோரு பேர்
சீட்டு எடுத்துத் தேசராணியின் தண்டலை அடைத்தார்கள்.
அந்த வாசலைத் தாண்டித்தான் இப்போது ஹாரன் அடிக்கிறது.
மற்ற வாசல்களில் அடிக்கிறது.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன்.
"அந்த எட்டு என்னுது சார்."
ரைட்டருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.
"கடை போயிடும்யா. உள்ளயும் போவ. தெரியுமில்ல?"
தெரியும்.
எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.
அவர் காகிதத்தைத் திருப்பி நீட்டினார்:
"ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா."

என் கடைக்குப் போகக் கால் வரவில்லை.
எதிர் வரிசையில் புதுசாய் ஒன்று,
மீசை அரும்பாத பையன்.
காகிதத்தை வாங்கினான், கவிழ்த்தான், மூடினான்.
பச்சை வெளிச்சம்
என் பெயரின் மேல் ஊர்ந்து திரும்பியது.
"நாலு ரூபா" என்று கை நீட்டினான்,
ஒரு வரியும் படிக்காமல்.